உடம்பு முடியாதவங்களுக்கு செமஸ்டர் எத்தனை நாள்?

ராஜகிரி ஏறியிருக்கீங்களா? செஞ்சிக் கோட்டையிலேயே உயரமான மலை, சுமார் 800 அடி. எதிரி சுலபமா மேலே வந்துடக் கூடாதுன்னு யோசிச்சே கட்டின இடம். நம்ம கேங் போனா யாராவது ஒருத்தர், "நீங்க போயிட்டு வாங்கடா"ன்னு கல்யாண மகால் நிழல்லயே உட்கார்ந்துடுவாங்க. வீல்சேரில் வந்தவர் என்றால் காரணம் கேட்க மாட்டோம். பார்க்க நல்லா இருக்கிறவர் என்றால் "சோம்பேறி"ன்னு ஓட்டுவோம். அவருக்கு ஆஸ்துமா இருக்கலாம், தலசீமியா இருக்கலாம்.

வகுப்பிலும் இதேதான் நடக்கிறது. இப்படிப்பட்ட நோய்கள் பெரும்பாலும் புத்தியைத் தொடுவதில்லை, நேரத்தைத்தான் தின்கின்றன.

தலசீமியா மேஜர் உள்ளவருக்கு 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். செஞ்சியிலிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ பஸ் ஏறினால் அன்றைய நாள் போச்சு. அதற்கு முந்தைய சில நாட்களில் ஹீமோகுளோபின் இறங்கி, உடம்பு அசந்து கிடக்கும். வகுப்பில் உட்கார்ந்திருப்பார், அட்டென்டன்ஸ் விழும், பாடம் ஏறாது.

டைப் 1 சர்க்கரை நோய் இன்னொரு விதம். 3 மணி நேரத் தேர்வின் நடுவில் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், தெரிந்த ஃபார்முலாவும் மறந்து போகும். அதனால்தான் சி.பி.எஸ்.இ. 2017-லிருந்து இவர்கள் தேர்வறைக்குத் தின்பண்டம் கொண்டுபோக அனுமதிக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை குறைபாடுகள் உள்ளன. தலசீமியா, ஹீமோஃபிலியா, சிக்கிள் செல் நோய் மூன்றும் அதில் உண்டு. 40 சதவீதத்துக்குச் சான்றிதழ் இருந்தால் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத இட ஒதுக்கீடு கிடைக்கும்.

40 இல்லாதவர்கள்? விகாஷ் குமார் என்ற டாக்டருக்கு எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ரைட்டர்ஸ் கிராம்ப். சிவில் சர்வீஸ் தேர்வில் அவருக்காக எழுத ஒருவரை வைத்துக்கொள்ள யு.பி.எஸ்.சி. மறுத்தது. குறைபாடு உள்ளவர் அந்த உதவியைப் பெற 40 சதவீதம் கட்டாயமில்லை என்று 2021 பிப்ரவரி 11-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி நம்ம கணக்கு. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீத வருகை வேண்டும். மருத்துவக் காரணம் இருந்தால், பிரின்சிபால் சான்றொப்பமிட்ட மருத்துவச் சான்றிதழோடு 65 வரை அனுமதி கிடைக்கலாம். 90 வேலை நாளில் 22 நாள் என்பது 31 நாள் ஆகிறது. அந்த 9 நாள் ஒருத்தருக்கு ஒரு செமஸ்டரையே காப்பாற்றும்.

அதனால் உங்களுக்கு இப்படி ஒரு நோய் இருந்தால், ஹால் டிக்கெட் வரும் வாரம் வரை காத்திருக்காதீங்க. முதல் வாரமே டாக்டர் கடிதத்தோடு உங்க மென்டரைப் பாருங்க. லேப் தவறினால் வேறு பேட்ச்சோடு செய்ய எழுதிக் கேளுங்க. பக்கத்து பெஞ்சில் இருப்பவருக்குப் பிரச்சனையா? என்ன நோய்னு துருவாம, அன்றைய நோட்ஸை அன்றைக்கே அனுப்பிடுங்க.