வெஹிப் பாஷா கேட்ட கணக்கு

அன்புள்ள கயல்,

பரங்கிமலை ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வானாய் என்று தெரிந்ததும் உன் பெரியம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். உன் கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: மேலே இருப்பவர்களே கொடுமைக்குத் துணை போனால், நடுவில் மாட்டிய அதிகாரி என்ன செய்வது? அதைப் படித்ததும் வெஹிப் பாஷாதான் என் நினைவுக்கு வந்தார்.

ஓட்டோமான் தளபதி. 1877இல் யானினாவில், அல்பேனிய வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர். இன்று அந்த ஊர் கிரேக்கத்தில் இருக்கிறது. பால்கன் போரில் அண்ணன் எசாத் பாஷாவோடு சேர்ந்து அந்த ஊரைக் காத்தார். 1913 மார்ச்சில் அது வீழ்ந்தது. 1915இல் இருவருமே கலிபோலியில் படை நடத்தினார்கள்.

1916 தொடக்கத்தில் மூன்றாம் படை வெஹிப்பின் பொறுப்புக்கு வந்தது. எர்சுரூம் ரஷ்யர் கைக்குப் போயிருந்த நேரம். முந்தைய ஆண்டே அந்தப் பகுதியில் ஆர்மீனிய மக்கள் பெருவாரியாகக் கொல்லப்பட்டிருந்தார்கள். பிழைத்திருந்தவர்களில் ஏறத்தாழ 2,000 பேர் படையின் தொழிலாளர் பட்டாளத்தில் வேலை செய்தார்கள். தெற்கே ரயில் பாதை வேலைக்கு ஆள் வேண்டும் என்று அவர்களை அனுப்பினார்கள். அவர்கள் போய்ச் சேரவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசி. உயிருக்கு மதிப்பே இல்லாத காலம் அது. "வழியில் ஏதோ ஆகிவிட்டது" என்று யாராவது எழுதியிருந்தால் கோப்பு மூடியிருக்கும். வெஹிப் மூடவிடவில்லை. என் பொறுப்பில் இருந்தவர்கள் எங்கே என்று கேட்டார். சிவாஸ் மாகாணத்தில் வழியிலேயே அவர்களைக் கொன்றுவிட்டார்கள் என்பது வெளிவந்தது. காவலுக்குப் போன ஜாந்தர்மா என்ற காவல்படையின் அதிகாரியை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தித் தூக்கிலிட்டார். மாகாண ஆளுநர் மீதும் கை வைக்கப் பார்த்தார். அங்கே அவர் அதிகாரம் செல்லவில்லை.

முதல் உலகப் போர் முடிந்த பிறகு, 1918 டிசம்பரில், விசாரணைக் குழுவுக்கு எழுத்தில் வாக்குமூலம் கொடுத்தார். மூன்றாம் படைப் பகுதியில் நடந்த படுகொலைகளை ஏற்பாடு செய்தவர் பஹாதின் ஷாகிர் என்று பெயர் சொன்னார். முஷ் அருகே ஒரு கிராமத்தில் பெண்களையும் குழந்தைகளையும் வீட்டுக்குள் அடைத்து எரித்த கொடுமையையும் பதிவு செய்தார். தன் அரசு, தன் சீருடை என்று பார்க்கவில்லை.

அவரைத் தெய்வமாக்கிவிடாதே, அம்மா. 1918 மே மாதம் யெரெவானை நோக்கி முன்னேறி ஆர்மீனியரை அச்சுறுத்திய படை அவர் தலைமையில் இருந்த படைதான். அந்த முன்னேற்றம் சர்தாராபாதில் தடுக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உன் கேள்விக்குப் பயன்படுவார்.

1935-36இல் எத்தியோப்பியாவுக்குப் போய், ஒகாதேன் முனையில் எத்தியோப்பியத் தளபதி நசிபுவுக்கு ஆலோசகராக இருந்து இத்தாலியருக்கு எதிராக அரண் அமைத்துக் கொடுத்தார். 1940இல் இறந்தார்.

உனக்கு அங்கே ராணுவச் சட்டமும் ஒரு பாடமாக வரும். தேர்வுக்கென்று மேலோட்டமாகப் படித்துவிடாதே. உன் அதிகாரம் எதுவரை செல்லும் என்பது அதில்தான் இருக்கிறது. நாளை ஒரு பிளட்டூன் உன் கைக்கு வந்ததும், ஆள் கணக்கை ஹவில்தார் எழுதித் தரட்டும். தலையை மட்டும் நீயே எண்ணு. எண்ணிக்கை குறைந்தால் அன்றிரவே எழுத்தில் கேள்.

அன்புடன்,
பெரியப்பா