கூமுட்டை வாடை நின்றுவிட்டால் ஆபத்து போய்விட்டதா?



மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம், வட சுமத்ராவில் சோரிக் மராப்பி என்றொரு எரிமலை இருக்கிறது. அதன் அடிவாரத்தில் ஆழமாகக் கிணறு தோண்டி, பூமிக்குள் கொதிக்கும் ஆவியை மேலே கொண்டு வந்து மின்சாரம் எடுக்கிறார்கள். 2021 ஜனவரி 25-ஆம் தேதி அங்கே ஒரு கிணற்றைத் திறந்தபோது விஷ வாயு பரவி, கிராமத்து ஜனங்கள் 5 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. பல பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

"சுமத்ரா கிணத்துக்கும் நம்ம தோட்டத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். அங்கே கொன்ற வாயுவின் பெயர் ஹைட்ரஜன் சல்பைட். அதே வாயு நம் செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குளத்திலும், மூடிய தொட்டியிலும், லயத்து மலக்குழியிலும் உண்டாகிறது. அங்கே பூமிக்குள்ளிருந்து வருகிறது. இங்கே கழிவு காற்றில்லாமல் அழுகுவதால் வருகிறது. உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

இது காற்றைவிடக் கனமானது. பள்ளத்தில் போய்த் தங்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குகூட வேண்டாம், கூமுட்டை வாடை அடித்துவிடும். எட்டு மணி நேர வேலைக்கு நம் நாட்டுச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 10 பங்கு. 100 பங்கு ஆகிவிட்டால் சில நிமிஷத்தில் மூக்கு மரத்துப்போகும், வாடையே தெரியாது. "நாத்தம் போயிருச்சு, இறங்குடா" என்று சொல்லும் நேரம் அதுதான். 500-க்கு மேல் மயக்கம் வரும். 1000-ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவான்.

கிணறு தோண்டுகிற இடத்தில் என்ன செய்கிறார்கள்? கனமான சேற்றுநீரை உள்ளே செலுத்தி, அதன் பாரத்தால் ஆவியை அடக்கி வைக்கிறார்கள். பாறை வெடிப்பில் சேறு வடிந்துவிட்டால் பாரம் குறைந்து கிணறு பொங்கும். அதற்காகத்தான் கிணற்று வாயில் பெரிய அடைப்பு வால்வுகள். சோரிக் மராப்பியில் 2022 ஏப்ரலில் இன்னொரு கிணறு இப்படிப் பொங்கி, மறுபடியும் ஊர் ஜனங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வால்வு தவிர, தாழ்வான இடங்களில் வாயு காட்டும் கருவி, காற்றின் திசை காட்டும் துணிப்பை, சுவாசச் சிலிண்டர் எல்லாம் வைக்க வேண்டும். கிணற்றைத் திறக்குமுன் சுற்றியுள்ளவர்களை அப்புறப்படுத்த வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் நான் முதலில் வைப்பேன். மற்றதெல்லாம் வேலைக்காரனைக் காக்கும். வயலில் நிற்கிற பிள்ளைக்கு ஏது சிலிண்டர்?

நம் ஆலைக்கு வருவோம். தொட்டிக்குள் ஆள் இறங்காமலே வேலை முடியுமா என்று முதலில் பாருங்கள். மேலிருந்தே பம்பு வைத்து உறிஞ்ச முடிந்தால் அதுதான் நல்லது. இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால், அடைபட்ட இடங்களுக்கான 2010-ஆம் ஆண்டு நடைமுறை விதிப்படி எழுத்தில் அனுமதிச் சீட்டு வேண்டும். பயிற்சி பெற்றவர் கருவியால் மேல், நடு, அடி என்று சோதிக்க வேண்டும், பிராணவாயு 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். காற்று ஊதும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கணும். காலையில் சோதித்தது மத்தியானத்துக்கு ஆகாது. சேற்றைக் கிளறினால் உள்ளே அடங்கியிருந்த வாயு குபுக்கென்று கிளம்பும். துணி மாஸ்க், ஈரத் துண்டு எதுவும் இதைத் தடுக்காது.

வெளியே ஒருவர் இடம் விட்டு நகராமல் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் உடம்பில் வார்ப்பட்டையும் கயிறும் பூட்டியிருக்க வேண்டும். விழுந்தால் மேலிருந்தே இழுக்கலாம். கயிறு இல்லாத இடத்தில்தான் அண்ணனைத் தூக்கத் தம்பி குதிப்பான், தம்பியைத் தூக்க மைத்துனன் குதிப்பான். ஒரு சாவு மூன்றாவது இப்படித்தான். மனசு கேட்காது, தெரியும். ஆனாலும் சுவாசச் சிலிண்டர் இல்லாமல் இறங்காதீர்கள். 999-க்குக் கூப்பிட்டு, விஷ வாயு என்று சொல்லுங்கள். வெளியே எடுத்தவரைக் காற்று வருகிற பக்கமாகத் தூரம் கொண்டுபோய், மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்துங்கள். வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம்.

மண்டோர் அவசரப்படுத்தினால்? 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள திருத்தத்தின்படி, உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பினால், முதலாளி அதை நீக்காதவரை அந்த வேலையை விட்டு விலக உங்களுக்கு உரிமை உண்டு. எந்தத் தொட்டி, எத்தனை மணி, சீட்டு இருந்ததா, இறங்கச் சொன்னது யார் என்று அன்றைக்கே எழுதி, கிளைச் செயலாளரிடம் கொடுங்கள்.