வேலைநேர நெகிழ்வும் விடுப்பும்: தமிழ்நாடு சட்டமுன்வடிவு 2023 – முக்கியக் குறிப்புகள்

சட்டமுன்வடிவு
• பெயர்: தொழிற்சாலைகள் (தமிழ்நாடு திருத்த) சட்டமுன்வடிவு, 2023
• மூலச் சட்டம்: தொழிற்சாலைகள் சட்டம், 1948 (மத்தியச் சட்டம்)
• துறை அமைச்சர்: சி.வி.கணேசன் (தொழிலாளர் நலன்)
• அறிமுகம்: 2023 ஏப்ரல் 12, குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றம்: ஏப்ரல் 21
• புதிய பிரிவு: 65-அ. அறிவிக்கை மூலம் தொழிற்சாலைகளுக்கு விலக்கு அளிக்க மாநில அரசுக்கு அதிகாரம்

விலக்குக்குரிய பிரிவுகள் (6)
• 51: வாரத்துக்கு 48 மணி நேர உச்சவரம்பு
• 52: வார விடுமுறை
• 54: நாளுக்கு 9 மணி நேரம்
• 55: 5 மணி நேர வேலைக்குப் பின் குறைந்தது அரை மணி ஓய்வு
• 56: ஓய்வு உட்பட நாளுக்கு 10½ மணி நேரம்
• 59: மிகைநேர வேலைக்கு இரட்டை ஊதியம்

'மூன்று நாள் விடுப்பு'
• அரசின் விளக்கம்: 12 மணி × 4 நாள் = 48 மணி; மீதி 3 நாள் விடுப்பு; தொழிலாளர் விரும்பினால் மட்டுமே
• மிக முக்கியம்: இந்த 3 நாள் விடுப்பு அமைச்சர்களின் விளக்கத்தில் மட்டும், பிரிவு 65-அ வாசகத்தில் இல்லை. வார விடுமுறைக்கான பிரிவு 52-ம் விலக்குப் பட்டியலில். தொழிற்சங்க எதிர்ப்பின் நியாயமும் இதுவே
• வெளிநடப்பு: ஆளும் கூட்டணியின் இடதுசாரிக் கட்சிகள், விடுதலைச் சிறுத்தைகள்
• நிறுத்திவைப்பு: ஏப்ரல் 24
• திரும்பப் பெறும் அறிவிப்பு: 2023 மே 1, முதல்வர் மு.க.ஸ்டாலின், இடம்: மே தினப் பூங்கா, சிந்தாதிரிப்பேட்டை
• இந்தியாவின் முதல் மே தினம்: 1923 மே 1, சென்னை, ம.சிங்காரவேலர். இடைவெளி சரியாக 100 ஆண்டுகள்

முன்னோடித் தீர்ப்பு
• 12 மணி நேர வேலைக்கான குஜராத் அரசின் அறிவிக்கைகள்: உச்ச நீதிமன்றத்தால் ரத்து, 2020 அக்டோபர் 1 (குஜராத் மஸ்தூர் சபா வழக்கு)

கடை ஊழியர் விடுப்பு: விழுப்புரம், திண்டிவனம் தொடர்பு
• ஓமந்தூர் பி.ராமசாமி ரெட்டியார் (1895–1970): பிறப்பு திண்டிவனம் அருகே ஓமந்தூர், இன்றைய விழுப்புரம் மாவட்டம்
• சென்னை மாகாணப் பிரதமர்: 1947 மார்ச் 23 – 1949 ஏப்ரல் 6
• அவர் ஆட்சிக்காலச் சட்டம்: கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. திண்டிவனம் ஜவுளிக்கடை, விழுப்புரம் உணவகம் போன்றவற்றின் ஊழியர்களுக்கு உரியது
• பிரிவு 25: ஓராண்டுப் பணிக்குப் பின் 12 நாள் ஊதிய விடுப்பு, நோய்க்கு 12 நாள், தக்க காரணத்துக்கு 12 நாள்
• பிரிவு 22-அ (2021): ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம். முதல் மாநிலம் கேரளம் (2018), இரண்டாவது தமிழ்நாடு

ஆலைத் தொழிலாளர் ஆண்டு விடுப்பு
• முந்தைய 1948 தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 79: 20 நாள் வேலைக்கு 1 நாள், தகுதி 240 நாள் வேலையாக இருந்தது
• பணிப் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்பு, 2020, பிரிவு 32: விகிதம் அதே, தகுதி 180 நாள்
• தொகுப்பு நடைமுறைக்கு வந்த நாள்: 2025 நவம்பர் 21