மெய்நிகர் ஊடகத்தில் இருப்புணர்வும் மெய்ப்பாடும்

மெய்நிகர் ஊடகம் தோற்றுவிக்கும் ‘அங்கேயே இருக்கிறோம்’ என்னும் உணர்வை இருப்புணர்வு எனலாம். காட்சி இயற்கையை ஒத்திருந்தாலன்றி இவ்வுணர்வு தோன்றாது என்பது பரவலான எண்ணம். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீகனும் பிறரும் நிகழ்த்தி 2002இல் வெளியிட்ட சோதனைகள் இவ்வெண்ணத்தைத் தளர்த்துகின்றன.

தலையணித் திரை பூண்டவர் ஓர் அறையின் நடுவே ஆழ்ந்த பள்ளத்தைக் காண்கிறார், நிற்பதோ சமதளத்தில். பள்ளம் இல்லை என்பதை அவர் அறிவார். ஆயினும் இதயத் துடிப்பு உயர்ந்தது. காட்சியில் பள்ளத்தின் விளிம்பு தோன்றும் இடத்தில், தரையின்மேல் 1.5 அங்குல மரப்பலகை இடப்பட்டபோது அவ்வுயர்வு மேலும் மிகுந்தது. கால் தொட்டறிந்த அச்சிறு விளிம்பே போதுமானதாயிற்று. ஆகவே இருப்புணர்வு நம்பிக்கையன்று. உடலின் அசைவுக்கும் புலன்வழிச் செய்திக்கும் உள்ள இயைபில் பிறப்பது. 2009இல் மெல் சிலேட்டர் ‘இட மயக்கம்’ எனப் பிரித்துரைத்ததும் இதனையே.

இவ்வுணர்வை வினாநிரல்வழி அளப்பதில் இடர்ப்பாடு உண்டு. வினாவே விடையைத் தோற்றுவித்துவிடக்கூடும். உடற்குறி அவ்வாறன்று. உள்ளத்து நிகழ்வு மெய்யின்கண் புலப்படுதலை மெய்ப்பாடு எனத் தொல்காப்பியம் வகுத்த நெறி இங்கு ஒப்புநோக்கத் தக்கது. தாக்கம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. வேறுபாடும் சிறிதன்று. தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடு கூறும். பள்ளச் சோதனை அச்சம் ஒன்றையே பற்றி நிற்கிறது. துடிப்பின் உயர்வு மட்டும் அச்சத்தை உவகையினின்று பிரித்துக் காட்டாது. அச்சமூட்டாத, அமைதியானதொரு மெய்நிகர் அறையில் இருப்புணர்வை எக்குறியால் அறிவது என்னும் வினாவுக்கு அவ்வளவை விடை தருவதில்லை.