‘நல்ல லேடி டாக்டர் யாரு?’: ஆம்பூர் பக்கத்து நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: அந்தக் காலத்தில் வேலூரில் டாக்டரே இல்லாததால்தான் ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்துப்போனார்கள். அதனால்தான் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) வந்தது.

பாதி சரி. சம்பவம் நடந்தது வேலூரில் அல்ல, திண்டிவனத்தில். 1890களில் ஓர் இரவு. ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து என ஒருவர் பின் ஒருவராக மிஷன் பங்களா கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியருக்கும் வலி கண்டிருந்தது. பங்களாவில் டாக்டர் இருந்தார், ஜான் ஸ்கடர். ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம், மகள் வரட்டும் என்றார்கள். மகள் ஐடாவுக்கு அன்று வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்த அந்த ஐடா, 1899-இல் அமெரிக்காவில் மருத்துவம் படித்து முடித்து, அடுத்த ஆண்டே வேலூருக்கு வந்து சிறு மருந்தகம் தொடங்கினார். 1902-இல் மருத்துவமனை. 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி. இவைதான் வளர்ந்து சி.எம்.சி. ஆயின.

ஆக, அன்று டாக்டர் இருந்தார். குடும்பம் ஏற்றுக்கொள்ளும் டாக்டர்தான் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் இன்றும் பெண் டாக்டரைத்தான் கேட்கிறார்கள். அதில் தப்பே இல்லை. கேட்பது அந்தப் பெண்ணின் உரிமை. ஆனால், ‘ராத்திரி அவசரத்தில் ஆண் டாக்டர்தான் இருந்தால் என்ன செய்வது?’ என்ற பேச்சை வீட்டில் ஐந்தாம் மாதத்திலேயே பேசி முடித்துவிட வேண்டும். வலி வந்த பிறகு வாசலில் நின்று பேசுகிற விஷயமல்ல.

நம்பிக்கை: போர்டில் பெண் பெயர் இருந்தால் பிரசவ டாக்டர்தான்.

இல்லை. எம்.பி.பி.எஸ். மட்டும் இருந்தால் அவர் பொது மருத்துவர். அதற்கு மேல் எம்.டி. அல்லது எம்.எஸ். என்று போட்டு ‘ஓ.ஜி.’ என்றோ, டி.ஜி.ஓ. என்றோ, மகப்பேறு பிரிவில் டி.என்.பி. என்றோ இருக்க வேண்டும். மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்கும்; சந்தேகம் வந்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் சரிபார்க்கலாம்.

என்னைக் கேட்டால், பட்டத்தைவிட முக்கியமான கேள்விகள் வேறு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆபரேஷன் தேவைப்பட்டால் செய்வது யார்? மயக்க டாக்டர் இங்கேயே இருப்பாரா, போன் போட்டு வெளியூரிலிருந்து வர வேண்டுமா? ரத்தம் எங்கிருந்து வரும்? சின்ன ஊர் நர்சிங் ஹோம்களில் இந்த மூன்றும் ஆளுக்கொரு திசையில் இருக்கும். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் இரண்டு மணி நேரத்தில்கூட உயிர் போகலாம். ஆம்பூரிலிருந்து வேலூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். கணக்கு நீங்களே போட்டுப் பாருங்கள்.

நம்பிக்கை: பிரசவம் என்றால் நேரே சி.எம்.சி.க்குப் போய்விட வேண்டும், மற்ற இடமெல்லாம் வீண்.

சிக்கலான கேஸுக்கு அது பெரிய துணை. ஆனால் மாதாந்திரச் செக்கப்புக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டியதில்லை. 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது. சிக்கல் என்று தெரிந்தால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே ‘சீமாங்க்’ என்று சொல்லும் அவசர மகப்பேறு பிரிவு இரவு பகலாக இயங்குகிறது.

நம்பிக்கை: ஜி.ஹெச். போனால் வயிற்றைக் கிழித்துவிடுவார்கள். பிரைவேட்டில்தான் சுகப்பிரசவத்துக்குப் பொறுமையாகப் பார்ப்பார்கள்.

நேர்மாறு. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் சுமார் 64 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36. சிக்கலான கேஸ்களைத் தனியார் கடைசி நேரத்தில் அரசுக்கு அனுப்பியும் இதுதான் நிலை. (36-உம் குறைவில்லை, அது வேறு விவகாரம்.)

நம்பிக்கை: ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீடு போனால், அங்கே எந்த டாக்டர் என்றாலும் பார்த்துக்கொள்வார்.

பார்ப்பார், கையில் தாய் சேய் அட்டை இருந்தால். அட்டையைத் திறந்து பாருங்கள். எடை, பிரஷர், ஹீமோகுளோபின் என்று மாதம் மாதம் கட்டம் கட்டமாக இருக்கும். ரத்த வகை எழுத வேண்டிய கட்டத்தைப் பாருங்கள். அது காலியாக இருந்தால் இன்றைக்கே ரத்தம் கொடுத்து எழுத வையுங்கள். அந்தப் பெண் நெகட்டிவ் வகையாகவும் கணவர் பாசிட்டிவாகவும் இருந்தால் 28-ஆம் வாரத்தில் ஓர் ஊசி உண்டு; குழந்தையும் பாசிட்டிவ் என்றால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. தவறவிட்டால் இந்தக் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆபத்து அடுத்த குழந்தைக்கு. ஆம்பூரில் பார்த்த டாக்டருக்கும் குடியாத்தத்தில் பிரசவம் பார்க்கப் போகிற டாக்டருக்கும் நடுவே இருக்கும் ஒரே தபால்காரர் அந்த அட்டைதான்.

நம்பிக்கை: கல்யாணமாகாத பொண்ணுக்குப் பிரசவ டாக்டரிடம் என்ன வேலை?

மாதவிலக்கு தாறுமாறாக வந்தாலும், வெள்ளைப்படுதலில் நாற்றமோ அரிப்போ இருந்தாலும் அவரிடம்தான் வேலை. அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்று பயந்து மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கித் தின்பதுதான் வெட்கக்கேடு.

நம்பிக்கை: முழுகாமல் இருப்பதைச் சொன்னால் ஷூ கம்பெனியில் வேலை போய்விடும்.

பிரசவ விடுப்பில் இருக்கும் பெண்ணை அதற்காக நீக்குவது சட்டவிரோதம். இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துக்கு ஈடான தொகை கிடைக்கும். முந்தைய இரண்டு சந்தா காலங்களில் 70 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் சம்பளச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள்.

வீட்டில் உட்கார்ந்து ஷூ மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் பெண்களுக்கு இந்தப் பிடித்தமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. ஆம்பூர் பக்கத்துத் தோல் தொழிலின் பெரிய அநியாயம் இது. அவர்களுக்கென்று இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி: 14,000 ரூபாய் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகங்களுமாக மொத்தம் 18,000. 19 வயது நிரம்பிய ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்குக் கிடைக்கும். எந்தக் கம்பெனி என்று கேட்கமாட்டார்கள். நாள் தள்ளிப்போனது தெரிந்ததும், 12 வாரத்துக்குள், உங்கள் பகுதி சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதிந்து கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.