தக்காளி விதை வாங்கறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கேளு

மாடியில தக்காளி வைக்கப் போறேன்னு நீ சொன்னது எனக்கு அவ்வளவு சந்தோஷம்மா. ஆனா விதைப் பாக்கெட்டுல இருக்கிற படத்தைப் பார்த்து வாங்கிடாதே. உன் வீட்டுல தக்காளி எதுக்கு அதிகமா செலவாகுதுன்னு முதல்ல யோசி. ரசமும் தொக்கும்தான்னா புளிப்பும் சாறும் இருக்கிற ரகம் வேணும். மார்க்கெட்டுல பெங்களூர் தக்காளின்னு விக்கறாங்களே, அதோட கெட்டித் தோல் லாரியில நசுங்காம வர்றதுக்கு. மாடியிலேருந்து அடுப்படிக்கு வர்ற பழத்துக்கு அந்தத் தோல் எதுக்கு?

முதல் தடவை வைக்கிறவங்களுக்கு நான் தைரியமா சொல்றது பி.கே.எம்-1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த ரகம். தேனிப் பக்கத்து அண்ணஞ்சி நாட்டுத் தக்காளியிலேருந்து உருவாக்கினது. செடி குட்டையா, புதர் மாதிரி நிக்கும். ஒரு குச்சி ஊன்றினாப் போதும், பந்தல் வேண்டாம். பழம் கொஞ்சம் தட்டையா, காம்போரம் பச்சையா இருக்கும். அதைப் பழுக்கலைன்னு நினைச்சுக்காதே.

இதுல இன்னொரு லாபம், விதையை நீயே எடுத்து வைக்கலாம். நல்லா காய்ச்ச செடியில ஒரு பழத்தைச் செடியிலேயே முழுசாப் பழுக்க விடு. விதையைச் சதையோட ஒரு நாள் ஊற வச்சு, அலசி, நிழல்ல உலர்த்திக்கோ. தக்காளி பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்ந்து காய்க்கிற செடி. அதனால பக்கத்துல வேற ரகம் இருந்தாலும் அவ்வளவா கலக்காது. பாக்கெட்டுல எஃப்1னு போட்டிருந்தா அது வீரிய ஒட்டு ரகம். அதுலேருந்து விதை எடுத்தா அடுத்த செடி தாயைப் போல வராது.

அதுக்காக ஒட்டு ரகமே வேண்டாம்னு சொல்லமாட்டேன். உங்க பக்கம் வெள்ளை ஈ வந்து வருஷா வருஷம் இலை சுருண்டு போகுதுன்னா அர்கா ரக்ஷக் வை. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தோட ரகம். இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், இலைக்கருகல் மூணையும் தாங்கும். விதை விலை கூடத்தான், ஆனா மருந்து அடிக்கிற வேலை குறையும்.

வீட்டுல குழந்தைங்க இருந்தா செர்ரி தக்காளி ஒண்ணு வை, பறிச்ச கையோட வாயில போட்டுக்குவாங்க. அது நிக்காம கொடியாப் போகும். பெரிய பையும் கயிறும் வேணும்.

எந்த ரகமானாலும் சித்திரை வெயில்ல பூ எடுக்கிற மாதிரி விதைக்காதே. ராத்திரியும் சூடு இறங்கலைன்னா பூ கொட்டிடும், ரகத்தைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. ஆடியில போடு. சென்னைப் பக்கம்னா அடைமழை ஓய்ஞ்சதும் போடு.

ஒரே நேரத்துல ஆறேழு ரகம் வேண்டாம்மா. நாலு பையில பி.கே.எம்-1, ஒரு பையில செர்ரி. இந்த வருஷத்துக்கு அது போதும்.