வீட்டுக்கு வெல்டிங் மெஷின்: வாங்கும் முன்பே செய்ய வேண்டியவை

கேட்டின் கீல், ஜன்னல் கொக்கி, பூந்தொட்டி ஸ்டாண்டு போன்ற சின்ன வேலைக்குப் பட்டறைக்காரர் வீடு தேடி வருவது அரிதாகிவிட்டது. தோளில் மாட்டிக்கொண்டு போகிற அளவுக்கு இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின்கள் சிறுத்துவிட்டதால், பலரும் சொந்தமாக ஒன்று வாங்குகிறார்கள். நல்லதுதான். ஆனால் மெஷினைக் கடைசியாக வாங்குங்கள். கரண்ட், கண், மூச்சு, தீ ஆகிய நான்குக்கும் ஏற்பாடு முடிந்த வீட்டுக்குத்தான் அது வர வேண்டும்.

1. வேலைக்கு ஏற்ற ஆம்பியர்
வீட்டு வேலைக்கு 2.5 மி.மீ. ராடும் 3.15 மி.மீ. ராடும் போதும். முதலாவதுக்குச் சுமார் 60 முதல் 90 ஆம்பியர், இரண்டாவதுக்கு 90 முதல் 130 ஆம்பியர் வேண்டும். எனவே சிங்கிள் பேஸில் ஓடும் 200 ஆம்பியர் மெஷின் தாராளம். அதன் தகட்டில் டூட்டி சைக்கிள் என்ன என்று பாருங்கள். 60 சதவீதம் என்றால், அந்த ஆம்பியரில் பத்து நிமிடத்துக்கு ஆறு நிமிடம் வெல்டு அடிக்கலாம். நான்கு நிமிடம் ஓய்வு தர வேண்டும்.

2. தனி லைன் இழுங்கள்
90 ஆம்பியரில் வெல்டு அடிக்கும்போது மெஷின் வீட்டு லைனிலிருந்து சுமார் 15 ஆம்பியர் இழுக்கும். 120 ஆம்பியர் வைத்தால் அது 20-ஐத் தாண்டிவிடும். ஏ.சி.க்கும் ஹீட்டருக்கும் போட்ட 16 ஆம்பியர் சாக்கெட் சின்ன ராடுக்கே எல்லையில் நிற்கிறது. பெரிய ராடைப் பிடித்தால் பிளக் சூடேறி உருகும். மெயின் போர்டிலிருந்து 4 சதுர மி.மீ. செம்பு வயரில் தனி லைன், 25 ஆம்பியர் சி-டைப் எம்.சி.பி., இண்டஸ்ட்ரியல் சாக்கெட் என்று லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கொண்டு போட்டுவிடுங்கள். வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு இதைத் தாங்குமா என்றும் அவரிடமே கேளுங்கள். கூலிக்கு வேலை எடுத்துச் செய்வதானால் வீட்டு இணைப்பைப் பயன்படுத்தக் கூடாது. அதற்குத் தனி இணைப்பு வாங்க வேண்டும்.

3. எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும்
பிளக்கின் மூன்றாவது பின்னை வெட்டிவிட்டு வேலை செய்வது உயிரோடு விளையாடுவது. மெஷினுக்குள் வயர் அறுந்து உடற்பகுதியைத் தொட்டால் காப்பாற்றுவது எர்த்தும், மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும்தான். ஆனால் ஒன்று நினைவில் இருக்கட்டும்: ராடைப் பிடிக்கும் ஹோல்டர் பக்கத்து மின்சாரம் வீட்டு லைனிலிருந்து பிரிக்கப்பட்டது. அங்கே ஷாக் அடித்தால் ஆர்.சி.சி.பி. விழாது. அந்தப் பக்கம் உங்களுக்குக் காவல், காய்ந்த கையுறையும் ரப்பர் அடிப்பாகமுள்ள ஷூவும் மட்டுமே.

4. எக்ஸ்டென்ஷன் வயர்
மிக்ஸிக்கும் டேபிள் ஃபேனுக்கும் வாங்கிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இதற்கு உதவாது. மூன்று கோர் கொண்ட 4 சதுர மி.மீ. கேபிளாக, தேவையான நீளம் மட்டும் வாங்குங்கள். சுருட்டி வைத்தபடியே ஓட்டினால் வயர் சூடேறி மேல்தோல் இளகும். முழுவதையும் பிரித்துப் போட்டபின் மெஷினை ஆன் செய்யுங்கள். வீட்டு யு.பி.எஸ்.ஸில் வெல்டிங் மெஷினை மாட்டவே கூடாது.

5. எர்த் கிளாம்ப் மாட்டும் இடம்
மெஷினிலிருந்து வரும் எர்த் கிளாம்பை, வெல்டு அடிக்கும் இரும்பிலேயே, அடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பெயின்டும் துருவும் சுரண்டிய இடத்தில் கவ்வ வையுங்கள். போர்வெல் பைப்பிலோ தூணின் கம்பியிலோ மாட்டினால் மின்சாரம் எந்த வழியாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. போகிற வழியில் பேரிங்கையும் வயரையும் கெடுக்கும். வண்டியில் வெல்டு அடிப்பதானால் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

6. கண்ணுக்குக் கவசம்
மெஷினோடு இலவசமாக வரும் கைப்பிடிக் கண்ணாடியில் ஒரு கை போய்விடும்; பழகாதவர் அதை ஒதுக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பற்றவைக்கத் தொடங்குவார். தலையில் மாட்டும் ஆட்டோ டார்க்கனிங் ஹெல்மெட் வாங்குங்கள். நாம் சொன்ன ஆம்பியருக்கு ஷேடு 10 அல்லது 11 வேண்டும். கூலிங் கிளாஸும், ஷேடு 5 கொண்ட கேஸ் வெல்டிங் கண்ணாடியும் போதவே போதாது. வெல்டின் மேல் படியும் ஸ்லாக்கைத் தட்டும்போது போட, தெளிவான பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று தனியாக வேண்டும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள். தெருப்பக்கம் ஒரு தகரத்தை மறைப்பாக வையுங்கள்.

7. உடை
முழுக்கைப் பருத்திச் சட்டை, ஜீன்ஸ், தோல் கையுறை, தோல் ஏப்ரன், கணுக்காலை மூடும் ஷூ. பாலியஸ்டரும் நைலானும் தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். லுங்கியும் செருப்பும் வேண்டாம். பேன்ட்டின் அடி மடிப்பை இறக்கிவிடுங்கள். பொறி அதில்தான் போய் உட்காரும். பையில் லைட்டர் இருக்கக் கூடாது.

8. மூச்சு
புகை முகத்துக்கு வராதபடி, பக்கவாட்டில் காற்று போகும் இடத்தில் நில்லுங்கள். ஹெல்மெட்டுக்குள் அடங்கும் என்-95 முகக்கவசம் போடுங்கள். கைக்குட்டை இந்தப் புகையைத் தடுக்காது. ஜி.ஐ. பைப்பில் இருக்கும் துத்தநாகப் பூச்சு எரிந்தால், அன்று மாலையே குளிரும் காய்ச்சலும் வரலாம். வெல்டு விழும் இடத்தைச் சுற்றி அந்தப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். பால் குடித்தாலோ வெல்லம் தின்றாலோ புகையின் கெடுதல் போகாது. பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்த இரும்பில் வெல்டு அடிக்காதீர்கள். அதில் குளோரின் கலந்த ரசாயனம் இருந்தால் உயிரைப் பறிக்கும் ஃபாஸ்ஜீன் வாயு உண்டாகும்.

9. இடமும் தீயும்
பலர் வீட்டில் வெல்டிங் நடப்பது போர்டிகோவில். பைக் நிற்பதும் அங்கேதான். பொறி பத்து மீட்டர் வரை ஓடும் என்று வைத்துக்கொண்டு, அந்த எல்லைக்குள் பைக், கேஸ் சிலிண்டர், யு.பி.எஸ். பேட்டரி, தின்னர், கீற்று, பழைய துணி எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாளி மணலும் ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பானும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மின்சாரம் ஓடும் மெஷின் மீது தண்ணீர் ஊற்றாதீர்கள். வேலை முடிந்ததும் மூட்டை கட்டிவிட்டுக் கிளம்பாமல், அரை மணி நேரமாவது இருந்து பாருங்கள். கரிந்துகொண்டே கிடந்த துணி வேலை முடிந்த பிறகும் பற்றிக்கொள்ளலாம்.

10. மூடிய டிரம்மைத் தொடாதீர்கள்
டீசல் டிரம், பெட்ரோல் டேங்க், பெயின்ட் டின் ஆகியவை காலியாக இருந்தாலும் உள்ளே ஆவி இருக்கும். வெல்டு அடித்தால் வெடிக்கும். ஒருமுறை கழுவினால் ஆபத்து போய்விடாது. இந்த வேலையை வீட்டில் செய்யவே வேண்டாம்.

11. வியர்வையும் மழையும்
நனைந்த சட்டையும் கையுறையும் மின்சாரத்துக்குக் கதவைத் திறந்துவிடும். ராடு பிடிக்காமல் சும்மா இருக்கும்போதும் ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் நிற்கும் என்பதால், அதை அக்குளில் இடுக்காதீர்கள். ராடு மாற்றும்போதும் கையுறையைக் கழற்றாதீர்கள். வெயில் காலத்தில் இரண்டு ஜோடி கையுறை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத் தரையில் நின்று செய்யும் வேலை எதுவும் அவசர வேலை அல்ல. உடலில் பேஸ்மேக்கர் உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் மெஷின் பக்கம் வர வேண்டாம்.

12. ராடு
தொடக்கத்துக்கு 6013 ராடு நல்லது. எளிதில் பற்றும், மெல்லிய ஸ்கொயர் பைப்புக்கும் ஒத்துவரும். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். 7018 ராடு ஈரம் இழுத்துவிட்டால் 300 டிகிரிக்கு மேல் சுட்டெடுக்க வேண்டும் என்பதால், வீட்டுக்குத் தோதுப்படாது.

13. கிரைண்டர்
வெல்டிங் பழகுகிறவர் மெஷினுக்குப் பயப்படுவதுபோலவே, வெல்டைத் தேய்க்கும் கிரைண்டருக்கும் பயப்பட வேண்டும். கார்டைக் கழற்றாதீர்கள். வீலில் போட்டிருக்கும் சுழற்சி வேகம், கிரைண்டரின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. வீலின் நடு வளையத்தில் காலாவதி மாதம் அச்சிட்டிருக்கும், அதையும் பாருங்கள்.

14. கண் எரிந்தால்
வெளிச்சம் கண்ணில் பட்டதன் வலி உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்து, நள்ளிரவில் மணல் கொட்டியதுபோல உறுத்தும். தாய்ப்பால், உருளைக்கிழங்கு, நந்தியாவட்டைச் சாறு எதையும் விடாதீர்கள். புண்ணான கண்ணில் கிருமி சேரும். கண்ணைத் தேய்க்காமல், குளிர்ந்த துணியை மூடிய இமைமேல் வைத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

15. எதைப் பட்டறைக்கு விட வேண்டும்
மாடிக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு, ஊஞ்சல் கொக்கி, வண்டியின் சேசிஸ் ஆகியவற்றில் வெல்டு விட்டுப்போனால் ஆளே விழுவார். மேலே பளபளப்பாகத் தெரியும் வெல்டு உள்ளே இரும்போடு சேராமல் இருக்கக்கூடும். பழகாத கண்ணுக்கு அது தெரியாது. இவற்றை அனுபவசாலியிடம் கொடுங்கள். நீங்கள் துண்டு இரும்புகளை ஒட்டிப் பழகுங்கள். ஒட்டியதை வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடித்து உடைத்துப் பாருங்கள். வெல்டு உடையாமல் இரும்பு வளைகிற அளவுக்குக் கை தேறிய பிறகு, உங்கள் வீட்டுக் கேட்டில் கை வைக்கலாம்.